கிரீன் மேட், ப்ளூ மேட், எல்.இ.டி. சுவர்: எந்தக் காட்சிக்கு எது?

சாலிகிராமம், வடபழனி பக்கம் ஏதாவது ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். "கிரீன் மேட் போட்டுக்கலாம், மீதியை சி.ஜி.யில் பாத்துக்கலாம்" என்ற பேச்சு கட்டாயம் காதில் விழும். மலை உச்சி, விமானத்தின் உள்பக்கம், ரயில் கூரைமேல் சண்டை, எதைக் கேட்டாலும் அதே பதில்தான். ஆளுக்குப் பின்னால் பச்சைத் துணியைக் கட்டி எடுத்துவிட்டு, பிறகு கணினியில் (சி.ஜி.) அந்தப் பச்சையை மட்டும் நீக்கி அங்கே வேறு காட்சியை வைப்பதுதான் கிரீன் மேட். இத்தனைக்கும் இன்று குறைந்தது நாலு வழிகள் இருக்கின்றன: பச்சை, நீலம், பின்னணிக் காட்சியையே ஓடவிடும் ராட்சத எல்.இ.டி. சுவர், அப்புறம் திரையே இல்லாமல் எடுத்துவிட்டுப் பின்னால் ஆளைக் கோடு போட்டு வெட்டியெடுக்கும் ரோட்டோ. தரம், செலவு என்று இரண்டு கட்டம் போட்டு இவற்றை ஒப்பிடுவது வழக்கம். நான் முதலில் கேட்பது வேறு: கதாபாத்திரத்துக்குப் பின்னால் என்ன தெரியப் போகிறது என்பதை எப்போது முடிவு செய்யப் போகிறீர்கள், படப்பிடிப்புக்கு முன்பா, பின்பா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

பச்சைக்கும் நீலத்துக்கும் நடக்கும் பங்காளிச் சண்டையை முதலில் பார்க்கலாம். பிலிம் காலத்தில் நீலம்தான் மூத்தது. 1940-ல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் லாரி பட்லர் நீலத் திரையைப் பயன்படுத்தினார். சிறப்பு விளைவுகளுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. முடியின் ஓரம், புகை, கண்ணாடி மாதிரி பாதி ஊடுருவும் பொருள்களைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் வழியைப் பின்னர் பெட்ரோ விலாஹோஸ் கண்டுபிடித்தார். இன்று திரையின் நிறத்தை நீக்க நாம் பயன்படுத்தும் கீயிங் மென்பொருள்களின் அடிப்படைக் கணக்கு அவருடையதுதான்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் காற்று பச்சைப் பக்கம் திரும்பியது. காரணம் சென்சாரில் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் சென்சாரின் புள்ளிகளை நாலு நாலாகப் பிரித்தால், இரண்டு பச்சையைப் பிடிப்பவை. சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா ஒன்று. எச்.டி. வீடியோவில் ஒரு புள்ளியின் பிரகாசத்தைக் கணக்கிடும்போது பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், நீலத்துக்கு வெறும் 7. ஆக, பச்சையில் நுணுக்கம் அதிகம், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறைவு. நீலத் துணியை அதே அளவு பளிச்சென்று காட்டக் கூடுதல் விளக்கு வேண்டும். கூடுதல் விளக்கு என்றால் கூடுதல் லைட்மேன், ஜெனரேட்டருக்குக் கூடுதல் டீசல். தயாரிப்பாளர் பச்சையைக் காதலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நம் ஊர்க் காட்சியில் பச்சை இல்லாமல் என்ன இருக்கிறது? வாழைமரம் கட்டிய பந்தல், வெற்றிலைத் தட்டு, கிளிப்பச்சைப் பட்டு, கதம்பத்தில் சொருகிய மருக்கொழுந்து. கல்யாணக் காட்சிக்குக் கிரீன் மேட் போட்டால் இவை எல்லாவற்றிலும் ஓட்டை விழும். பிறகு ஒவ்வொன்றையும் கையால் மீட்க வேண்டும். அங்கே நீலம்தான் சரி. மாறாகக் கண்ணனோ ராமனோ வரும் புராணக் காட்சிக்கு நீலம் போட்டால் சாமியே மறைந்துபோவார். ஜீன்ஸ் போட்ட கல்லூரிக் கும்பலுக்கும் இதே கதி. முருகன் படம் எடுப்பவர் பாடு இன்னும் மோசம்: மயிலின் கழுத்து நீலம், தோகை பச்சை. இரண்டு திரையும் உதவாது. மயிலைத் தனியாக எடுப்பதோ கணினியில் உருவாக்குவதோதான் வழி.

நிறச் சிதறல் விஷயத்திலும் எனக்கு நீலத்தின் மேல் கொஞ்சம் சாய்வு உண்டு. திரையில் பட்ட ஒளி திரும்பிவந்து நடிகரின் தோளிலும் தாடையிலும் ஒட்டிக்கொள்ளும். இதை ஸ்பில் என்பார்கள். சென்னைப் புழுக்கத்தில் வியர்த்த நெற்றி அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். பட்டுச் சேலையின் ஜரிகை இன்னும் மோசம். பச்சை ஒட்டிய முகம் நோயாளி முகம் மாதிரி தெரியும். நீலம் ஒட்டினால் வானத்தின் வெளிச்சம் என்று கண் ஏற்றுக்கொள்கிறது. இரவுக் காட்சியாக இருந்தால் பாதி இடங்களில் அதை அகற்றவே தேவையில்லை. கறுத்த முடிக்கும் இருட்டுப் பின்னணிக்கும் நீலம் ஒத்துப்போகும். பகல் வெயில், மணல், வெளிர்ச் சுவர் என்றால் பச்சை.

எந்த நிறமாக இருந்தாலும் நடிகர் திரையிலிருந்து பத்தடியாவது தள்ளி நிற்க வேண்டும். திரைக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. வாடகைக்குக் கிடைக்கும் சின்ன ஃப்ளோர்களில் இந்தப் பத்தடிதான் முதலில் காணாமல் போகும். கதாநாயகி துணியில் சாய்ந்துகொண்டு நிற்காத குறை. வெளிப்புறம் போனால் இட நெருக்கடி தீரும், வேறு தொல்லை தொடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் நாற்பதடித் துணி கப்பல் பாய் மாதிரி உப்பும். மடிப்புக்கு மடிப்பு பச்சையின் அளவு மாறும். அதனால்தான் பெரிய படங்களில் கன்டெய்னர்களை அடுக்கி அதன்மேல் துணியை இறுக்கிக் கட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் சோடியம் முறையையும் சொல்லிவிட வேண்டும். நம் தெருக்களில் ஒரு காலத்தில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கைப் போன்ற, ஆனால் ஒற்றை நிறம் மட்டும் தரும் விளக்கைத் திரைமேல் அடித்து, கேமராவுக்குள் ஒரு பட்டகத்தால் (பிரிசம்) அந்த ஒளியை மட்டும் தனியாகப் பிரித்தார்கள். 1964-ல் 'மேரி பாப்பின்ஸ்' இப்படித்தான் எடுக்கப்பட்டது. நடிகர் எந்த நிறத்தில் உடுத்தினாலும் கவலை இல்லை, மெல்லிய வலைத்துணிகூடத் தப்பிக்கும். ஆனால் அந்தப் பட்டகத்தைத் திரும்பச் செய்வது பெரும்பாடாக இருந்ததால் முறை வழக்கொழிந்தது. இன்று இருந்தால் மயில் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இனி எல்.இ.டி. சுவர். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கார் நேராகப் போகும், ஸ்டியரிங்கை மட்டும் ஹீரோ இடமும் வலமும் திருகிக்கொண்டிருப்பாரே, பின்னால் திரையில் சாலையை ஓடவிடும் அந்தப் பின்திரை உத்தியின் பேரப்பிள்ளை இது. வித்தியாசம் என்னவென்றால், கேமரா நகரும்போது சுவரில் தெரியும் காட்சியும் அதற்கேற்பக் கோணம் மாறும். வீடியோ கேம் உருவாக்கத்துக்கு வந்த அன்ரியல் எஞ்சின் மென்பொருள்தான் அந்தக் காட்சியை அந்தக் கணமே வரைகிறது. 2019-ல் வந்த 'தி மாண்டலோரியன்' தொடருக்கு அமைத்த தளத்தில் சுவரின் உயரம் 20 அடி, வட்டத்தின் விட்டம் 75 அடி. நாயகன் தலையில் கண்ணாடி மாதிரி மின்னும் உலோகக் கவசம். பச்சைத் திரைக்கு நடுவே அவரை நிறுத்தியிருந்தால் கவசம் முழுக்கப் பச்சையாகியிருக்கும். சுவர் வைத்ததும் பாலைவனமும் அந்திவானமும் கவசத்தில் தாமாகப் பிரதிபலித்தன. நம் படங்களுக்கு மாற்றிப் பார்த்தால் அது கல்யாண நகை, கார் கண்ணாடி, கூலிங் கிளாஸ். நடிகருக்கும் வசதி: எதைப் பார்த்து மிரள வேண்டுமோ அது கண்முன் இருக்கிறது, கிரீன் மேட்டில் அடையாளத்துக்குத் தொங்கவிடும் டென்னிஸ் பந்தைப் பார்த்து அழ வேண்டாம். புகை போட்டாலும் பிரச்சினை இல்லை. கிரீன் மேட்டுக்கு முன் புகை போட்டால் பின்னால் காட்சிகளை ஒட்டிச் சேர்க்கும் கம்ப்போசிட்டர் சாபம் விடுவார்.

சென்னையைச் சேர்ந்த கியூப் என்ற சினிமாத் தொழில்நுட்ப நிறுவனம் ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவுடன் சேர்ந்து அங்கே இப்படி ஒரு தளம் அமைத்திருக்கிறது. கருவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை என்பேன். சுவரில் ஓட வேண்டிய உலகம் கால்ஷீட் தொடங்கும் முன்பே முழுதாகத் தயாராக இருக்க வேண்டும். காலையில் ஃப்ளோருக்கு வந்து "கோயில் வேண்டாம், கப்பலாக மாத்திடலாம்" என்றால் நடக்காது. வசனமே ஸ்பாட்டில் எழுதப்படும் ஊரில் இது லேசான நிபந்தனை அல்ல.

நம் படமாக்கும் முறையோடும் அது சில இடங்களில் மோதுகிறது. சண்டைக்கு இரண்டு மூன்று கேமரா வைப்பது இங்கே சாதாரணம். சுவரோ ஒரு நேரத்தில் ஒரு கேமராவின் கோணத்துக்குத்தான் சரியாக வரையும்; அடுத்த கேமராவுக்குச் சுற்றுவழி தேட வேண்டும். பாட்டில் காலிலிருந்து தலைவரை ஆடுவதைக் காட்ட வேண்டும், அப்போது தரையும் சுவரும் சேரும் கோடு பல்லிளிக்கும். அதை மறைக்க ஆர்ட் டைரக்டர் நிஜ மண்ணையும் கல்லையும் கொட்டி, சுவரில் உள்ள தரையோடு நிறம் பொருத்த வேண்டும். ஃபோகஸ் தவறிச் சுவர்மேல் விழுந்தால் எல்.இ.டி. புள்ளிகளின் அலைக்கோடுகள் வந்துவிடும். சுவரின் ஒளியை மட்டும் நம்பினால் நம் தோல் நிறம் சரியாக வராது, முகத்துக்குத் தனி விளக்கு கட்டாயம். இவ்வளவு இருந்தும், கார் உள்ளே நடக்கும் நீண்ட உரையாடலுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத்தான் சொல்வேன். ஓ.எம்.ஆரில் முன்கூட்டி ஓட்டி எடுத்த காட்சியைச் சுவரில் விட்டால் கண்ணாடியில் தெருவிளக்குகள் ஓடும். போக்குவரத்து அனுமதிக்கு அலைய வேண்டாம், கூட்டம் எட்டிப்பார்க்காது.

நாலாவது வழியான ரோட்டோவைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. நிஜ இடத்தில், நிஜ வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, ஆளை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரிப்பது. விநாடிக்கு 24 வீதம் ஐந்து விநாடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். மேஜிக் மாஸ்க், ரோட்டோ பிரஷ் மாதிரியான மென்பொருள் கருவிகள் வேலையைக் குறைத்திருக்கின்றன. ஆனால் காற்றில் பறக்கும் முடியையும் மல்லிகைச் சரத்தையும் இன்னும் ஆள்தான் உட்கார்ந்து சரி செய்கிறார். செட்டில் அரை மணி நேரம் மிச்சம் பிடிக்க மேட் கட்டாமல் விடுகிறார்கள், அந்த அரை மணி நேரம் ஏதோ ஒரு மாடியறையில் நாலு பேருக்குப் பல இரவாக மாறுகிறது. பட்ஜெட் தாளில் அது தெரியாது என்பதுதான் அதன் கவர்ச்சி. இருந்தாலும் வெளிச்சம் என்ற ஒன்றுக்காக இந்த வழியை ஒதுக்கிவிட முடியாது. 2021-ல் வந்த 'ட்யூன்' படக்குழு பாலைவனக் காட்சிகளுக்குப் பச்சைக்குப் பதில் மணல் நிறத் திரைகளை வைத்தது. பிரிப்பது கடினமானாலும் நடிகர்மேல் பட்டது மணலின் வெளிச்சம். பச்சையும் இல்லாமல் ரோட்டோவும் இல்லாமல் நடுவில் ஒரு வழி. மெரினாவிலோ கோவளத்திலோ தொடங்கி வேறு கடற்கரையில் முடிய வேண்டிய காட்சி இருந்தால் இதை முயன்று பார்க்கலாம்.

மழைப் பாட்டுக்கு இவை எதுவுமே வேண்டாம். துளி ஒவ்வொன்றும் பச்சையைத் தனக்குள் காட்டும், எல்.இ.டி. பலகைக்கும் தண்ணீருக்கும் ஆகாது. இரவில் நிஜத் தெரு, தண்ணீர் லாரி, பின்னாலிருந்து ஒரு பலமான விளக்கு. அவ்வளவுதான்.

குறும்படக்காரர்களுக்கு மேலே சொன்ன பாதி பொருந்தாது, பச்சையோடு நில்லுங்கள். பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த விலைக்குத் துணி கிடைக்கும். பளபளக்காத துணியாகப் பார்த்து வாங்கி, இஸ்திரி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். துணி சின்னதாக இருந்தால் ஆளின் ஓரங்களுக்குப் பின்னால் மட்டும் பச்சை இருந்தால் போதும், சுற்றியுள்ள மீதியைக் கணினியில் வெட்டிவிடலாம். சாதாரண போன் வீடியோ பிரகாசத்தை முழுதாகவும் நிறத்தைக் கால்பங்காகவும் பதிவு செய்வதால் ஓரங்கள் படிக்கட்டாக வரும். நிறத்தைக் கூடுதலாகப் பதியும் ப்ரோரெஸ் வசதி உள்ள போனை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் வித்தியாசம் உடனே தெரியும். எக்ஸ்போஷரையும் (ஒளி அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமன்) பூட்டிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் நடிகர் கை அசைக்கும் ஒவ்வொரு முறையும் போன் பச்சையை மாற்றிக்கொண்டே இருக்கும்.