வேலூர்ப் பக்கம் கரிகிரி டீபாட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தற்காலிகக் கண்காட்சிக் கடை ஒன்றில் வேலூர் அருகிலுள்ள கரிகிரி ஊர் மண்பாண்டம் என்று சொல்லி விற்ற நீல டீபாட், கொதிக்கிற தேநீர் ஊற்றிய சில நாளிலேயே செதில் செதிலாக உரிந்தது. உள்ளே வார்னிஷ் நெடி. திருப்பிக் கொண்டுபோனால், "இது ஷோகேஸுல வைக்கிறதுங்க" என்கிறார்கள். விற்கும்போது அதைச் சொல்லவில்லை, பில்லிலும் இல்லை.

கரிகிரி மண்பாண்டத்துக்கு நீலம், பச்சை, பழுப்பு, மஞ்சள் நிறங்களால்தான் பெயர். மெருகிட்ட பாண்டத்தில் நிறம் மேலே பூசுவதல்ல. உலோக ஆக்சைடு கலந்த மெருகு (கிளேஸ்) சூளைச் சூட்டில் உருகிக் கண்ணாடியாக ஒட்டிக்கொள்கிறது. கோபால்ட் நீலம் தரும், தாமிரம் பச்சை தரும், இரும்பு பழுப்பு தரும். இந்த ஏமாற்று வேலையில் சாதாரணச் சுட்ட மண்ணின் மேல் எனாமல் பெயின்ட் அடித்து, வார்னிஷ் போட்டுவிடுகிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு அடிப்பக்கம் தேயுங்கள். பெயின்ட் பஞ்சில் வரும், மெருகு வராது. மூடியைத் திறந்து மூக்கு தொடங்கும் இடத்துச் சல்லடைத் துளைகளைப் பாருங்கள், பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். துளையைச் சுற்றி வெறும் மண் தெரிந்தால் தேநீர் அதில் ஊறும், பால் கலந்ததென்றால் சீக்கிரமே புளித்த வாடை வரும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் தாளில் ஈர வளையம் இருந்தால் பாண்டம் கசிகிறது.

மெருகு அசல் என்பதாலேயே பயமில்லை என்று நினைக்க வேண்டாம். குறைந்த சூட்டில் உருக வேண்டுமென்று சிலர் ஈயம் (காரீயம் என்ற நச்சு உலோகம்) சேர்ப்பார்கள். அதனுடன் தாமிரப் பச்சையும் சேர்ந்தால் ஈயம் இன்னும் எளிதாகக் கரைந்து வெளியேறும், எலுமிச்சைத் தேநீரின் புளிப்பு அதை இன்னும் கூட்டும். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கலாம். கண்ணாலோ நாக்காலோ இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் ஆய்வகத்தில் அளப்பதுதான் முறை. அந்தச் சோதனை அறிக்கையைக் கடைக்காரரிடம் கேளுங்கள், "உணவுக்குப் பயன்படுத்தலாம்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பாண்டத்தில் தேநீர் ஊற்ற வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக வேண்டாம்.