பெட்டி பிரிக்காத பழைய முலார்ட் டியூப் என்று யாராவது சொன்னால்

கிடார் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) டியூப், அதாவது சிக்னலைப் பெருக்கும் கண்ணாடி வால்வு, தேடுகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். என்னுடையது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், கிடாரின் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் பக்கம் மூன்று 12ஏஎக்ஸ்7 டியூப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பக்கம் இரண்டு இஎல்84. ப்ரீஆம்ப் டியூப் ஒன்று கரகரக்க ஆரம்பித்ததால் ஆன்லைனில் ஒருவரிடம் இசிசி83 கேட்டேன், 12ஏஎக்ஸ்7-க்கு ஐரோப்பாவில் அதுதான் பெயர். "சார், இங்கிலாந்து பிளாக்பர்ன் ஃபேக்டரி முலார்ட், அறுபதுகள்ல செஞ்சது, பெட்டியே பிரிக்கல" என்றார். முலார்ட் என்பது பேர்போன பழைய இங்கிலாந்து டியூப் பிராண்ட். புது டியூபைப் போலப் பல மடங்கு விலை, அதற்கு மேல் "மேட்ச் பண்ண ஜோடி" என்று ஒரு தொகை, பயஸ் (டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) செட் பண்ண ஆம்பை அனுப்பச் சொல்லி இன்னொரு தொகை.

வந்ததைப் பார்த்தால் பெட்டி நேற்று அச்சடித்ததுபோல் மொடமொடவென்று இருக்கிறது. பிளாக்பர்ன் டியூபில் கண்ணாடியின் கீழ்ப்பக்கம், பின்களுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் பொடியாக இரண்டு வரிக் குறியீடு இருக்கும், இரண்டாவது வரி 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். இதில் அந்த இடம் மொட்டை. கட்டைவிரலால் தேய்த்ததும் முலார்ட் பெயர் கையோடு வந்துவிட்டது (அசலிலும் வெள்ளை அச்சு அழியும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்), ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அடியில் யாரோ துடைத்த வேறு எழுத்துகளின் தடம், 12ஏஎக்ஸ்7பி என்று. அது சீன டியூபின் பெயர்.

முதல் சாக்கெட்டில் போட்டு, வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, பென்சிலால் லேசாகத் தட்டினேன். ஸ்பீக்கரில் டங் டங் என்று மணியடித்தது, இன்னும் ஏற்றினால் ஊளை. முதல் டியூபில் நுழையும் சத்தம் பின்னால் இருக்கிற எல்லா டியூபிலும் பெருகிக்கொண்டே போகும், அதனால் மைக்ரோபோனிக் டியூபுக்கு (தட்டினால் மைக் மாதிரி அந்த அதிர்வையே சத்தமாக்குவது) அதைவிட மோசமான இடம் கிடையாது. விற்றவரைக் கேட்டதற்கு, "சாக்கெட்ல செருகிட்டீங்க, இனி ரிட்டர்ன் இல்ல" என்று ஒரே வரி, அப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார்.

பயஸ் என்பதும் சும்மா பணம் பிடுங்கத்தான். இந்த மாதிரி ஆம்பில் ப்ரீஆம்ப் டியூபுக்கு ஆம்புக்குள் இருக்கிற கேத்தோடு ரெசிஸ்டர் என்ற சின்னப் பாகமே பயஸைப் பார்த்துக்கொள்ளும். அணைத்து, ஆறவிட்டு, கழற்றி மாட்டினால் சரி. மேட்ச் என்றால், ஃபேஸ் இன்வெர்ட்டரில் (பவர் டியூப் இரண்டுக்கும் சிக்னலை எதிரெதிராகப் பிரித்துக் கொடுக்கும் இடம்) ஒரே டியூபின் இரண்டு பாதிகளும் ஒத்துப்போவது கொஞ்சம் உதவும், மற்றபடி ஜோடி சேர்க்க இது என்ன கல்யாணமா?

இன்னொன்று, முலார்ட் பெயரை வாங்கி ரஷ்யாவின் சரத்தோவில் இப்போது புதிதாகவும் செய்கிறார்கள். அது போலி இல்லை, ஆனால் பிளாக்பர்ன் விலைக்கு வாங்க வேண்டியதும் இல்லை. டெலிஃபங்கன் (பழைய ஜெர்மன் பிராண்ட்) என்று சொன்னால் பின்களுக்கு நடுவே கண்ணாடியில் வைர வடிவ முத்திரையைத் தேடுங்கள். கெயின் (பெருக்கும் அளவு) அதிகம் என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் பழைய டியூபே வேண்டாம், 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, எது பிடிக்கிறதோ அதை மாட்டிக் கேளுங்கள்.

நான் கடைசியில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நிறுவனப் புது டியூப் ஒன்று வாங்கிப் போட்டேன், கரகரப்பு போய்விட்டது. அந்த ஆள் அதே படங்களோடு வேறு பெயரில் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், எல்லாம் பெட்டியின் படம்தான், யுபிஐ மட்டும்தான் வாங்குவாராம். கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், என்ன சொல்கிறார் என்று கீழே எழுதுங்கள்.