ஆங்கில வாசிப்பைச் சோதிக்க: ஒரு நிமிட வாசிப்பா, தமிழில் சொல்லச் சொல்வதா?

தமிழ் வழியில் படிக்கும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வாசிப்பைச் சோதிக்க மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது பெரும்பாலும் ஒன்றையே வைத்துக்கொண்டிருக்கிறேன்: பத்தியை மௌனமாகப் படிக்கவிட்டு, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்வது.

ஒரு நிமிட வாசிப்பு, அதாவது ஒரு நிமிடம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிச் சரியாக வாசித்த சொற்களை எண்ணுவது, வேகமானது. கடிகாரமும் ஒரு பத்தியும் போதும். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் ஈக்ரா (EGRA) சோதனையில் இதோடு புரிதல் கேள்விகளும் உண்டு. நான் பார்த்த வகுப்புகளில் அவை நழுவி, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பது மட்டுமே பதிவேட்டில் ஏறுகிறது. உச்சரிப்புச் சிக்கல் வேறு. 'ஃபிஷ்' என்பதை 'பிஸ்' என்று வாசிக்கும் பிள்ளைக்கு அது மீன் என்று நன்றாகவே தெரியும். ஓர் ஆசிரியர் பிழை போடுவார், இன்னொருவர் விட்டுவிடுவார்.

அடுத்தது, 1953-இல் வில்சன் டெய்லர் முன்வைத்த குளோஸ் முறை. பத்தியில் ஒவ்வொரு ஐந்தாவது அல்லது ஏழாவது சொல்லையும் எடுத்துவிட்டு நிரப்பச் சொல்வது. சொல்வளம் குறைந்த பிள்ளை, பொருள் புரிந்தும் சொல் கிடைக்காமல் இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. உயர் வகுப்புகளுக்குச் சரிவரலாம். அங்கே எனக்கு அனுபவம் குறைவு.

என்னைத் தமிழ்ப் பக்கம் சாய்த்தது, மறுநாள் எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விதான். 'தி டாக் வாஸ் சேஸ்டு பை தி கேட்' (நாயைப் பூனை துரத்தியது) என்ற வரியைப் படித்த மாணவன், "நாய் பூனையைத் துரத்துச்சு சார்" என்றான். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தங்குதடையே இல்லை. ஒரு நிமிடச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பான். டாக், சேஸ், கேட் மூன்றும் அவனுக்குத் தெரியும். 'வாஸ்', 'பை' இரண்டையும் கண்டுகொள்ளாமல், சொற்கள் வந்த வரிசையிலேயே பொருளைக் கோத்துவிட்டான். நாய் பூனையைத் துரத்துவதுதானே வழக்கமும். மறுநாள் அந்த வரியையும் 'தி டாக் சேஸ்டு தி கேட்' என்பதையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, துரத்தியது யார், ஓடியது யார் என்று கேட்டேன். சொற்களின் எண்ணிக்கை இப்படி ஒரு பாடத்தைக் கையில் தராது.

இதையே ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் பேசாமல் நின்றிருப்பான். புரியவில்லையா, சொல்லத் தெரியவில்லையா என்று பிரித்தறிய முடியாது. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை வீடு வீடாகச் சென்று அளக்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்பிலும், ஆங்கிலத்தைச் சோதித்த ஆண்டுகளில், ஆங்கில வாக்கியத்தை வாசித்த பிள்ளையிடம் அதன் பொருளை உள்ளூர் மொழியில்தான் கேட்டார்கள்.

நேரம் பிடிக்கும், உண்மைதான். நாளைக்கு நாலைந்து பேரைத்தான் கேட்க முடிகிறது. ஒருவர் சொல்வதை அடுத்தவர் ஒப்பித்துவிடாமலிருக்க, பத்திகளை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். எழுத்தே பிடிபடாத பிள்ளைக்கு இது உதவாது. அவர்களுக்கு ஒரு நிமிட வாசிப்புதான். அப்புறம், வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களைப் படமாக வரைந்து காட்டச் சொல்கிறேன். அது இதே அளவுக்குக் காட்டிக்கொடுக்குமா என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.