முதல் கையடக்க கன்சோல் செய்ய எதைப் பிரிப்பது? சந்தையில் கிடைக்கும் 8-பிட் டிவி வீடியோ கேம் பற்றி

விளையாட மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இந்தப் பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். ஆனால் பிரித்துப் போட்டு, பேட்டரியும் திரையும் சேர்த்து, கையில் பிடித்து விளையாடுகிற ஒன்றாக மாற்றப் போகிறீர்கள் என்றால், அதுவும் முதல் தடவை என்றால், ஐந்துக்கு ஐந்து. இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் டிவி வீடியோ கேம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு மஞ்சள் கேசட், மேலே ஏதோ ஒரு லட்சம் கேம் என்று அச்சடித்த அட்டைப்பெட்டி, அதுதான். 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் கன்சோலின் நகல். கேசட்டின் 60 பின் கூட அப்படியே அதிலிருந்து வந்ததுதான். நான் வாங்கியது 650 ரூபாய்.

நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் காற்றுதான். அசல் ஃபேமிகாமில் பிராசசர் தனி, படம் காட்டும் சிப் தனி, மெமரி தனி. இதில் அத்தனையும் ஒரே சிப்பில், அந்தச் சிப்பும் போர்டின் நடுவில் சொட்டு விட்டது மாதிரி ஒரு கறுப்பு எபாக்சிப் பசைக்குள். அதனால் போர்டு சின்னது, சூடாவதில்லை, மிக முக்கியமாக ஒரே ஒரு 5 வோல்ட் கொடுத்தால் போதும். இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு நேராக நின்டெண்டோ 64-ல் கை வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். அதற்கு 3.3 வோல்ட் ஒரு பக்கம், 12 வோல்ட் ஒரு பக்கம் வேண்டும். நின்டெண்டோவின் வீ (Wii) கன்சோல் என்றால் போர்டையே ரம்பத்தால் அறுத்துச் சின்னதாக்கி, 1, 1.15, 1.8, 3.3 என்று நான்கு வோல்டேஜ் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். சால்டரிங் அயர்னைப் பிடித்துப் பழகாத கைக்கு அது வேண்டாம், ஒரு நல்ல பழைய கன்சோல் வீணாகப் போகும். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பென் ஹெக்கன்டார்ன் 2000-ல் முதலில் கையடக்கமாக்கியது அடாரி 2600 என்ற பழைய கன்சோல், அதுவும் எளிமையான இயந்திரம்தான்.

கரண்டைப் பற்றி. அடாப்டர் 9 வோல்ட் தருகிறது, உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் அதை 5 ஆக்குகிறது, மிச்ச 4 வோல்ட்டும் வெறும் சூடாகப் போகிறது. சுவரில் செருகி ஓட்டும்போது அதனால் ஒன்றும் இல்லை, பேட்டரியில் ஓட்டினால் கிட்டத்தட்ட பாதி வீண். ஆகவே முதல் வேலையாக 7805-ஐ எடுத்துவிட்டு, அதன் வெளியீட்டுக் கால் இருந்த இடத்தில் நேரடியாக 5 வோல்ட்டைக் கொடுங்கள். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்து, பாதுகாப்பு போர்டு ஒன்று போட்டு, எல்.எம். 2596 மாட்யூல் வழியாக 5 வோல்ட்டுக்கு இறக்கினால் நிம்மதி. மாட்யூலின் குட்டித் திருகைத் திருப்பி மல்டிமீட்டரில் 5 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கேம் போர்டோடு இணைக்க வேண்டும். செல் வாங்கும்போது ஜாக்கிரதை: ஒரு கடையில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்த செல்லை என் தலையில் கட்டினார்கள். அந்த சைஸ் செல்லில் 3500 பக்கம் வருவதே பெரிது. நல்ல செல் 45 கிராம் அளவுக்கு இருக்கும், போலி கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும்.

திரைக்கு கார் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். ரிவர்ஸ் கேமராவுக்கு வைக்கிற 4.3 இன்ச் திரை மஞ்சள் ஏவி ஒயரில் வரும் படத்தை அப்படியே காட்டும். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும், ஆனால் பலவற்றில் உள்ளே ஒரு எட்டுக் கால் சிப் அந்த 12-ஐ 5-ஆகவோ 3.3-ஆகவோ இறக்கித்தான் மற்றவற்றுக்குக் கொடுக்கிறது. 12 வோல்ட்டில் ஓடவிட்டு அந்தச் சிப்பின் வெளியீட்டை அளந்து பாருங்கள். 5 என்று காட்டினால் சிப்பை எடுத்துவிட்டு உங்கள் 5 வோல்ட்டையே அங்கே கொடுத்துவிடலாம், கேமுக்கும் திரைக்கும் ஒரே பேட்டரி. 4.3 இன்ச்சில் படம் பக்கவாட்டில் இழுபட்டு மாரியோ கொஞ்சம் குண்டாகத் தெரிவார், அது பிடிக்காவிட்டால் 3.5 இன்ச்சில், பழைய டிவி மாதிரி 4:3 விகிதத்தில் இருக்கும் திரை தேடுங்கள்.

ஜாய்ஸ்டிக் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒயரில் ஐந்து இழைதான்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. எட்டு பட்டனின் நிலவரமும் அந்த ஒரே டேட்டா இழையில் வரிசையாகப் போகிறது. ஜாய்ஸ்டிக் போர்டை இரண்டாக வெட்டித் திரைக்கு இரண்டு பக்கமும் வைத்து, அறுந்த கோடுகளை மெல்லிய ஒயரால் இணைக்க வேண்டும். பட்டனுக்கு அடியில் கறுப்பாக இருப்பது கார்பன், அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. பக்கத்தில் போகிற கோட்டின் பச்சைப் பூச்சை பிளேடு முனையால் செம்பு மினுங்கும் வரை சுரண்டி, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, அங்கே ஈயம் வையுங்கள். பழைய ரப்பரையும் பட்டனையும் அப்படியே மாட்டினால் அழுத்தும்போது அசல் ஜாய்ஸ்டிக் மாதிரியே இருக்கும், கடையில் வாங்கும் டக் டக் ஸ்விட்சில் அந்தச் சுகம் இல்லை.

சத்தத்துக்கு பி.ஏ.எம். 8403 ஆம்ப்ளிஃபையர் போதும். ஸ்பீக்கரின் மைனஸை மட்டும் கிரவுண்டோடு சேர்த்துவிடாதீர்கள், இந்தச் சிப் அப்படி வேலை செய்வதில்லை.

இரண்டு நட்சத்திரம் ஏன் என்றும் சொல்ல வேண்டும். இந்த நகல் சிப்புகள் பலவற்றில் ஒலி அலையின் இரண்டு அளவுகள் இடம் மாறியிருக்கும், அதனால் தெரிந்த பாட்டே தொண்டை கட்டியது போலக் கேட்கும், அசலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். கேசட் ஸ்லாட் தளர்வு, லேசாக ஆடினாலே கேம் நின்றுவிடுகிறது, ஆகவே ஸ்லாட்டின் இரண்டு முனையையும் உங்கள் பெட்டியில் திருகி இறுக்கிவிடுங்கள். திரையில் கோடு ஓடினால் கிரவுண்ட் ஒயரைத் தடிமனாக மாற்றி, திரைக்குப் போகும் 5 வோல்ட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டுப் பாருங்கள்.

இதே விலைக்கு 400 கேம் அடங்கிய ரெடிமேட் கையடக்கமே வருகிறதே என்பார்கள். வருகிறது, குழந்தைக்கு வாங்கித் தர நல்ல பொருள்தான். ஆனால் அதில் உங்கள் பழைய கேசட்டைச் செருக முடியாது, அப்புறம் நாம் பேசுவது செய்து பார்ப்பதைப் பற்றி. ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி போர்டை வைத்தும் செய்யலாம், அழகாக வரும், ஆனால் அங்கே பாதி நேரம் மென்பொருளோடு போய்விடும். சால்டரிங் கற்றுக்கொள்ள இந்தப் பெட்டிதான்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். கேசட் ஸ்லாட் இல்லாமல் கேம்கள் உள்ளேயே பதிந்த மாடலும், நேராக எச்.டி.எம்.ஐ.யில் செருகும் குச்சி மாடலும் இதே அலமாரியில்தான் இருக்கும், அவை வேண்டாம். பின்னால் மஞ்சள் ஏவி துளை, மேலே ஸ்லாட், முன்னால் ஒன்பது பின் ஜாய்ஸ்டிக் இணைப்பு, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே டிவியில் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.