வென்டாய்: ஒரே பென்டிரைவில் பல இயங்குதளங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்த பிறகு, விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய மடிக்கணினிகளோடு திருவையாற்றில் என் வீட்டுக்கு வருவோர் கூடிவிட்டதால், பென்டிரைவிலிருந்தே வேறு இயங்குதளங்களைத் தொடங்க உதவும் வென்டாய் என்னும் கட்டணமில்லா மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன்.

பென்டிரைவில் இயங்குதளத்தை எழுதித்தரும் ரூஃபஸ் என்னும் மென்பொருளில், இயங்குதளத்தை மாற்றும்போதெல்லாம் பென்டிரைவை அழித்து எழுத வேண்டும். வென்டாயை ஒருமுறை நிறுவிவிட்டால், பாட்டுக் கோப்புகளை நகலெடுப்பதுபோல் இயங்குதளங்களின் ஐஎஸ்ஓ கோப்புகளை (முழு நிறுவல் வட்டின் நகலாக வரும் கோப்புகள்) உள்ளே போட்டுவைத்து, கணினி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். அந்த முதல் நிறுவலில் மட்டும் பென்டிரைவில் உள்ளவை அனைத்தும் அழியும்; உரக்கடை நண்பர் ஒருவரின் குறுவைக் கடன் கணக்கை நான் அப்படித்தான் தொலைத்தேன், அவர் இன்னும் மறக்கவில்லை.

இதில் லினக்ஸ் மின்ட் என்னும் கட்டணமில்லா இயங்குதளத்தைக் கணினியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம் என்பதால், விண்டோஸ் திறக்க மறுத்த கணினியிலிருந்து, வன்தட்டு பழுதாகாமலும் பூட்டப்படாமலும் இருந்தால், படங்களையும் பத்திர நகல்களையும் வெளியே எடுத்துவிட முடிகிறது.

குறை, அங்கீகாரம் இல்லாத மென்பொருளால் கணினி தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் தெரிகிறது. முதல்முறை நீலத்திரை தோன்றி, வென்டாயின் சாவிக்கோப்பைப் பதிவுசெய்யச் சொல்கிறது. ஆங்கிலம் பழகாதவர்கள் அங்கேயே கணினியை அணைத்துவிடுகிறார்கள். கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கான விசையும், டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அதை ஒரு தாளில் எழுதி மடிக்கணினி மூடியின் உட்புறம் ஒட்டியே அனுப்புகிறேன்.