19 பேருக்கு எதிரே 6 பேர்: எந்தத் துணிச்சல் நியாயம்?

1883இல் நூலாக வந்த ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலில் கப்பல் தலைவர் ஸ்மாலெட்டின் கைக்கு வந்து சேரும் கணக்கு கொடியது. நம்பத் தகுந்தவர்கள் 7 பேர், அதில் ஒருவன் சிறுவன். எதிரே, புதையலுக்காகக் கப்பலைக் கைப்பற்றச் சதிசெய்யும் மாலுமிகள் 19 பேர். சிறுவனை விட்டால் 19க்கு 6. இப்படி ஒரு கணக்கைக் கண்டதும் சாகசக் கதைப் பிரியர்கள் நிமிர்ந்து உட்காருவோம். எதிரி பெருகப் பெருக வீரமும் பெருகுகிறது, வீரம் பெருகினால் நியாயமும் கூடவே வந்துவிடுகிறது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அந்த இரண்டாவது முடிவை நான் ஏற்கவில்லை. பணயம் வைக்கப்பட்டது யாருடைய உயிர், அவரைக் கேட்டார்களா என்று பார்த்த பிறகே நியாயத்தைப் பேச முடியும்.

ஸ்மாலெட் சதியை அறிந்ததும் வாளை உருவிக்கொண்டு பாய்வதில்லை. எதுவும் தெரியாதவர்போல் இருந்து, யார் நம் ஆள் என்பதை முதலில் உறுதிசெய்யச் சொல்கிறார். பிறகு கப்பலையே விட்டுவிட்டு, நீரூற்றும் மரவேலியும் உள்ள தீவுக் காவல் வீட்டுக்குத் தம் ஆட்களைக் கொண்டுபோகிறார். அங்கே கொடியேற்றுகிறார். சதிகாரர்கள் கையில் போன கப்பலின் பீரங்கி அந்தக் கொடியைத்தான் குறிபார்க்கிறது, இறக்கிவிடலாமே என்று சொன்னபோது மறுத்துவிடுகிறார். மாற்றான் வலியையும் தூக்கிப் பார்த்துச் செய் என்ற வள்ளுவர்தான், முயலை எய்த அம்பைவிட யானைக்குப் பிழைத்த வேல் இனிது என்றும் பாடினார். ஸ்மாலெட்டிடம் இரண்டும் இருக்கின்றன. சரணடைந்தால் பிழைப்போம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சதிகாரர்களின் தலைவன் சில்வரின் வாக்கை நம்பி யார் உயிரை ஒப்படைப்பார்கள்? இந்தத் துணிச்சலில் எனக்குக் குறையே தெரியவில்லை.

அதே வேலிக்குள் இருந்த சிறுவன் ஜிம் ஹாக்கின்ஸ் வேறு வகை. மோதல் முடிந்து தலைவர் காயப்பட்டுக் கிடக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் நழுவுகிறான். காவலுக்கு உடல் நலத்தோடு மிஞ்சுபவர்கள் இருவர் மட்டுமே. சின்னஞ்சிறு படகில் போய் நங்கூரக் கயிற்றை அறுக்கிறான். கப்பலை மீட்டு ஒதுக்குப்புறமான நீர்த்துறையில் தரைதட்ட விடுகிறான். தான் செய்தது மடத்தனம் என்றும், ஆனாலும் எல்லோரையும் காப்பாற்ற அது உதவியது என்றும் அவனே சொல்கிறான். வாசகர்கள் பெரும்பாலும் பின்பாதியைப் பிடித்துக்கொள்கிறோம். எனக்கோ முன்பாதியே உண்மையாகப் படுகிறது. படகு எங்கோ அடித்துச் செல்லப்பட்டாலும், கப்பல் அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து சேர்கிறது. அது ஆசிரியர் அனுப்பிய கப்பல். அந்தத் தயவு கிடைக்கும் என்று கிளம்பும் நேரத்தில் ஜிம்முக்குத் தெரியாது. அவன் விட்டுச்சென்ற இருவருக்கும் தெரியாது. ஒரு செயலை, அதைச் செய்தவனுக்கு அப்போது தெரிந்திருந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஸ்மாலெட் அப்படித்தான் எடைபோடுகிறார்: நீ உன் வழியில் நல்ல பையன்தான், ஆனால் நீ பிறவிச் செல்லப்பிள்ளை, நாம் மறுபடியும் சேர்ந்து கடலுக்குப் போக மாட்டோம் என்று அவனிடமே சொல்லிவிடுகிறார். தன் உயிரைக் காத்தவனிடம் இதைச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!

துமாவின் 'மூன்று மஸ்கடியர்கள்' (1844) கதையில், லா ரோஷெல் முற்றுகையின்போது நான்கு நண்பர்கள் எதிரியின் துப்பாக்கி எட்டும் கொத்தளத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவதாகப் பந்தயம் கட்டுகிறார்கள். ஒட்டுக்கேட்பவர் இல்லாத இடத்தில் பேச வேண்டும் என்பது உள்நோக்கம். இறந்தவர்களின் உடல்களை நிற்க வைத்து எதிரியை ஏமாற்றுவதும், கைத்துண்டையே கொடியாக்குவதும் எத்தனை முறை படித்தாலும் சலிக்காதவை. ஆனால் கிரிமோவை மறந்துவிடுகிறோம். உணவுக் கூடையைச் சுமந்துவரும் வேலைக்காரன் அவன். எங்கே போகிறோம் என்று புரிந்ததும், அங்கே உயிர் போய்விடும் என்று சொல்லிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். எஜமானர் அத்தோஸ் துப்பாக்கியை எடுத்து அவன் காதருகே வைக்கிறார். உடனே எழுந்து நடக்கிறான். இந்தக் காட்சி சிரிப்பதற்காக எழுதப்பட்டது. எனக்கு அந்தப் பந்தயத்தின் அழகெல்லாம் இந்த ஓர் இடத்தில் கெட்டுப்போகிறது.

எல்லாவற்றிலும் கடினமான வழக்கு, ஜூல்ஸ் வெர்னின் 80 நாள் உலகப் பயணத்தில் வருகிறது. அமெரிக்காவில் ரயிலைத் தாக்கிய சூ பழங்குடியினர், பந்தயம் கட்டி உலகைச் சுற்றும் ஃபிலியாஸ் ஃபாக்கின் வேலைக்காரன் பாஸ்பார்த்தூ உட்பட மூவரைக் கொண்டுபோய்விடுகிறார்கள். (அந்தப் பழங்குடியினருக்கு வெர்ன் ஒரு முகமோ காரணமோ கொடுக்கவில்லை, அந்தக் காலச் சாகசக் கதைகளின் பெருங்குறை இது.) மூவருக்காக 50 பேரின் உயிரைப் பணயம் வைக்கலாமா என்று கோட்டைத் தளபதி கேட்கிறார். எண்ணிக்கைப்படி அவர் கேள்வி சரி. முடியுமா என்று தெரியாது, செய்ய வேண்டியது கடமை என்கிறார் ஃபிலியாஸ் ஃபாக். இல்லையென்றால் தனியாகவே போகிறேன் என்கிறார். தாமதித்தால் 20,000 பவுண்டு பந்தயம் கைநழுவும் என்று அவருக்குத் தெரியும். ரயிலின் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பயணிகளைக் காப்பாற்றியவன் பாஸ்பார்த்தூதான் என்பதால், அது கடனும்கூட.

தாமாக வரும் வீரர்கள் 30 பேரைத் தளபதி கேட்கிறார். படைப்பிரிவு முழுவதும் முன்வருகிறது. பரிசுப் பணத்தை ஃபாக் அறிவிப்பது அதற்குப் பிறகுதான். அவர்களில் ஒருவர் திரும்பாமல் போயிருந்தாலும் ஃபாக் கேட்டது தவறு என்று சொல்ல மாட்டேன். தாமாகவே காலெடுத்து வைத்தவர்கள் அவர்கள். கிரிமோவுக்கு அந்த உரிமை தரப்படவில்லை.