வாளியும் 18 விநாடியும்: மீன்தொட்டி ஃபில்டரோடு நான்கு வருஷம்

எங்கள் ஊர்ப் பக்கம் குளம் என்றால் மடையும் கரையும் வயலும் உள்ள குளம்தான். அதனால் புறவாசலில் நான் கட்டிய ஒன்பதடிக்கு ஆறடித் தண்ணீரை யாரும் குளம் என்று சொல்வதில்லை. அம்மாவுக்கு அது மீன்தொட்டி. நானும் அப்படியே சொல்கிறேன். ஆழம் இரண்டரை அடி, கொள்ளளவு ஏறக்குறைய 3,800 லிட்டர். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் 2021 ஆவணியில் கட்டியது. ஆறு கோய் கார்ப், பத்துப் பன்னிரண்டு தங்கமீன், ஓரத்தில் ஒரு அல்லி. இத்தனை வருஷமும் நிற்காமல் ஓடும் இதன் ஃபில்டரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஃபில்டரில் பம்ப் மட்டும்தான் கடைச்சரக்கு. 40 வாட், மணிக்கு 3,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. அது தொட்டியின் அடியிலிருந்து தண்ணீரை எடுத்து, 200 லிட்டர் நீல டிரம் ஒன்றின் அடிப்பகுதிக்கு அனுப்பும். டிரம்முக்குள் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும். அடியில் கசடு தங்க வெற்றிடம், அதற்கு மேல் மூன்று அடுக்கு ஃபோம், அதற்கும் மேல் பல்லாரி வெங்காயம் வரும் வலைச்சாக்கில் கட்டிய செங்கல் ஜல்லி. மேலே இரண்டு அங்குலக் குழாய் வழியாக வெளியேறி, ஒரு கடப்பாக் கல்லின் மேல் விழுந்து தொட்டிக்குத் திரும்பும். கசடை வடிக்க அடியில் ஒரு வால்வு. ஃபோமை டிரம்மின் வட்டத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக வெட்டி இறுக்கிப் பொருத்த வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து, வடிபடாமலே மேலே போய்விடும்.

பெட்டியில் போட்டிருக்கும் 3,000 லிட்டர் என்பது பம்ப் உயரமே ஏற்றாமல் தள்ளும் அளவு. எங்கள் டிரம்மின் வாய் நீர்மட்டத்திலிருந்து நான்கடி மேலே இருக்கிறது. முதல் நாளே வெளியேறும் குழாயின் கீழே ஒரு 10 லிட்டர் வாளியை வைத்து, செல்போனில் நேரம் பார்த்தேன். 18 விநாடியில் நிரம்பியது. அப்படியென்றால் மணிக்கு 2,000 லிட்டர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் முழுக்கச் சுற்றி வரும். இது போதும். அந்த 18 என்ற எண்ணை டிரம்மின் மேலேயே பெயின்ட்டால் எழுதி வைத்தேன்.

நான்கு வருஷத்தில் நான் கற்றதில் பெரும்பங்கு அந்த எண்ணிலிருந்து வந்ததுதான். தண்ணீர் கலங்கிய பிறகு ஃபில்டரைத் திறந்தால் அது தாமதம். தெளிவு கெடுவதற்கு முன்பே ஓட்டம் கெட்டிருக்கும். சனிக்கிழமை தோறும் வாளி வைத்துப் பார்ப்பேன். 20, 21 என்றால் ஒன்றும் செய்வதில்லை. 25 தாண்டினால் பம்பைச் சுற்றியுள்ள வலைக்கூட்டை எடுத்துக் கழுவுவேன். பத்தில் எட்டுத் தடவை காரியம் அதோடு முடிந்துவிடும். அப்படியும் ஏறவில்லை என்றால் பம்பிலிருந்து குழாயைக் கழற்றி, பம்பின் வாயில் மட்டும் நீர் எப்படிப் பீறிடுகிறது என்று பார்ப்பேன். அங்கே பலமாக இருந்தால் அடைப்பு குழாயிலோ டிரம்மிலோ. அங்கேயே சோர்வாக இருந்தால் கோளாறு பம்புக்குள்.

டிரம்முக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபில் நான்கடி வாங்கி, டிரம்மின் அடிப்பக்கம் ஒரு துளையிட்டுப் பொருத்தி, வெளிப்புறமாக மேல் நோக்கிக் கட்டி வைத்தேன். ஃபோம் சுத்தமாக இருக்கும்போது டியூபில் தெரியும் மட்டமும் டிரம்முக்குள் மேலே தெரியும் மட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஃபோம் அடைக்க அடைக்க டியூபில் மட்டம் உயரும். இரண்டு அங்குலம் கூடிவிட்டால் ஃபோமைப் பிழியும் நேரம் வந்துவிட்டது. பத்து ரூபாய் டியூப் தரும் இந்தத் தகவலை வேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை.

இப்போது பெரிய தவற்றைச் சொல்கிறேன். தொட்டி கட்டியதும் சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, மூன்று முறை நிரப்பி வடித்து, புரட்டாசிக் கடைசியில் மீன் விட்டேன். மெதுவாகத் தீவனம் போட்டு, கார்த்திகைக்குள் எல்லாம் நிலைக்கு வந்தது. அப்புறம் போகிக்கு வீடு சுத்தம் செய்தபோது, ஃபில்டரையும் விட்டுவைக்க மனமில்லாமல் முழுக்கப் பிரித்தேன். மாநகராட்சிக் குழாயில் ஹோஸ் மாட்டி ஃபோமைப் பளிச்சென்று கழுவினேன். செங்கல் ஜல்லியை மொட்டை மாடியில் பரப்பி இரண்டு நாள் காயவைத்தேன். திரும்ப மாட்டிய மூன்றாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றன. சோதனைச் சொட்டு மருந்தை விட்டபோது மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா. மூன்று தங்கமீனும் ஒரு கோயும் செத்துப்போயின. அந்தக் கோயைத் துணியில் சுற்றி முருங்கை மூட்டில் புதைத்தது இன்னும் மனசில் இருக்கிறது.

நடந்தது இதுதான். மீன் கழிவிலும் செவுளிலும் அம்மோனியா வெளியேறும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை, மீனுக்கு அவ்வளவு தீங்கு செய்யாத நைட்ரேட் ஆக்கும். இவை ஃபோமின் துளைகளிலும் செங்கலின் சொரசொரப்பிலும் ஒட்டி வாழ்பவை. புதிதாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். குழாய் நீரின் குளோரினும் மாடி வெயிலும் சேர்ந்து அவற்றை இரண்டே நாளில் ஒழித்துவிட்டன. எங்கள் நீரின் பிஎச் 8-க்கு மேல். காரமும் சூடும் கூடக் கூட, அதே அளவு அம்மோனியா மீனுக்குக் கூடுதல் விஷம்.

தீவனத்தை நிறுத்தி, தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, மீண்டு வர ஐந்து வாரம் ஆனது. அன்றிலிருந்து தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து, அதில்தான் ஃபோமை முக்கிப் பிழிகிறேன். மூன்றில் ஒன்று மட்டும். அடுத்தது இரண்டு வாரம் கழித்து. கை கொஞ்சம் வழுக்கலாக, ஃபோம் பழுப்பாகவே இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். செங்கல் ஜல்லியைத் தொடுவதில்லை, அடி வால்வைத் திறந்து கசடை வடிப்பதோடு சரி. பிழிந்த கரும்பழுப்பு நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் குழம்புக்குக் கறிவேப்பிலை பறிப்பது எங்கள் வீட்டில்தான்.

இரண்டாம் வருஷம் மாசியில் வாளி நிரம்ப 34 விநாடி ஆனது. கூடு சுத்தம், குழாயும் சுத்தம். பம்ப் உர்ர்ரென்று ஒரு புதுச் சத்தம் வேறு போட்டது. மோட்டார் போய்விட்டது என்று நினைத்து, வண்ணார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பம்பின் முன்மூடியைத் திருகிக் கழற்றி, சுழலியைக் காந்தத்தோடு உருவி என் கையில் வைத்தார். “மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, கல்லு கட்டியிருக்கு பாருங்க” என்றார். காந்தத்தைச் சுற்றி வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் வராத உப்புப் படிவு. இறக்கைகளுக்கு நடுவே மிளகு அளவில் ஒரு நத்தை. பீங்கான் தண்டு மட்டும் நல்லவேளையாக உடையாமல் இருந்தது. பணம் வாங்க மாட்டேன் என்றார், டீ மட்டும் குடித்தோம்.

அந்தப் படிவு எங்கள் போர் தண்ணீரின் வேலை. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,100 காட்டும் நீர் அது. கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) என்று கேட்டால் தருவார்கள். அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் போட்டு, சுழலியை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் படிவு நுரைத்துக் கரைந்துவிடும். நல்ல நீரில் அலசி மாட்ட வேண்டும். இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, படிவு கட்டினாலும் கட்டாவிட்டாலும் இதைச் செய்கிறேன். பங்குனி, சித்திரையில் நாளுக்கு நான்கு குடம் அளவு நீர் ஆவியாகிவிடும். உப்பு ஆவியாகாது. குறைந்த நீரை ஈடுசெய்துகொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே வாரம் 300 லிட்டராவது வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறேன்.

பச்சை நீருக்கு ஃபில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஃபோமில் தங்காத நுண்பாசி. முதல் கோடையில் மீனே தெரியாத அளவுக்குப் பச்சை. பாதித் தொட்டிக்கு மேல் நிழல்வலை கட்டினேன், அல்லியைப் பரவவிட்டேன், கொஞ்சம் குறைந்தது. பிறகு பம்புக்கும் டிரம்முக்கும் நடுவே 18 வாட் யுவி (புற ஊதாக் கதிர்) விளக்கு வைத்ததும் எட்டு நாளில் அடித்தரை தெரிந்தது. இந்த விளக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு வருஷம் ஓடிய பிறகும் நீலமாக எரியும், ஆனால் பாசியைக் கொல்லும் கதிர் குறைந்துபோயிருக்கும். விளக்கு எரிகிறதே என்று நம்பி 2023 சித்திரையில் ஒரு மாதம் வீணாக்கினேன். புது டியூப் போட்டதும் சரியானது. உள்ளே இருக்கும் கண்ணாடி உறையிலும் அதே உப்புப் படியும், அதையும் எலுமிச்சை உப்பில் கழுவ வேண்டும். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது.

ஆனி, ஆடிக் காற்று இன்னொரு சோதனை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும்போதே எங்கள் முருங்கையையும் உலுக்குகிறது. முருங்கை இலை பம்பின் கூட்டில் அப்படியே சோறு போல அப்பிக்கொள்ளும். அந்த இரண்டு மாதமும் சனிக்கிழமை வரை காத்திருப்பதில்லை, இரண்டு நாளைக்கு ஒருமுறை கூட்டை எடுத்துவிடுவேன். பழைய கொசுவலையில் ஒரு பை தைத்துக் கூட்டின் மேல் மாட்டியதும் வேலை பாதியானது.

மின்தடைக்கு வருகிறேன். முதல் தடவை பம்ப் நின்றதும் டிரம்மில் இருந்த நீர் வந்த வழியே திரும்பி இறங்கி, அடிக் கசடு முழுவதையும் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. குழாயில் நீரைத் திரும்பவிடாத என்ஆர்வி வால்வு ஒன்று போட்டதும் அது தீர்ந்தது. ஆனால் அதன் பிறகு டிரம்மில் நீர் அசையாமல் நிற்கிறது. பாக்டீரியா சில மணி நேரத்தில் அந்த நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பிறகு அவையே சாகத் தொடங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஐந்து மணி நேரம் மின்சாரம் நிற்கும் நாளில் நான் பம்ப் சுவிட்சை அணைத்து வைத்துவிடுவேன். மின்சாரம் வந்ததும் அடி வால்வைத் திறந்து, டிரம்மில் நின்ற நீரை வடித்த பிறகே சுவிட்சைப் போடுவேன். முட்டை நாற்றம் அடித்தால் இன்னும் ஒருமுறை நிரப்பி வடிப்பேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. எங்களுக்கு இரண்டரை நாள் மின்சாரம் இல்லை. முதல் நாள் மாலையே மூன்று ஃபோமையும் ஜல்லி மூட்டைகளையும் டிரம்மிலிருந்து எடுத்து, கயிறு கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். மழை விழுந்துகொண்டிருந்த நீரில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. தீவனம் கிடையாது. மழை விட்ட இரவில் நானும் அம்மாவும் மாறி மாறி வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். விடியலுக்கு முந்தைய நேரம்தான் முக்கியம், அப்போதுதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மின்சாரம் வந்ததும் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி ஓடவிட்டேன். ஒரு வாரம் தினமும் சோதித்தேன், அம்மோனியா ஏறவில்லை. ஒரு மீனும் சாகவில்லை.

அந்த மழையிலேயே, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுந்துகொண்டே இருந்தது. பம்ப் வயருக்கும் வீட்டு வயருக்கும் நடுவே செடி ஓரத்தில் நான் போட்டிருந்த இணைப்புப் பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தது. இப்போது இணைப்பு சுவரில், தரையிலிருந்து மூன்றடி மேலே. தண்ணீரில் மின்சாரம் ஓடும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி இல்லாமல் பம்பை மாட்டவே மாட்டாதீர்கள். அது இருந்தாலும், தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

செலவைக் கேட்பவர்களுக்கு: பம்பும் யுவியும் சேர்ந்து 58 வாட், இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய 84 யூனிட். இது கட்டண அடுக்கை மேலே தள்ளும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் மாதங்களில் யுவியை அணைத்துவிடலாம், பம்பை ஒருபோதும் கூடாது.

செங்கல் ஜல்லிதான் எனக்கு முழுத் திருப்தி தராதது. நன்றாக வேகாத செங்கல் கலந்திருந்ததால் நான்காம் வருஷத்தில் சில துண்டுகள் கரைந்து, அடி வால்வில் சிவப்பு நீர் வந்தது. சூளைச் செங்கலுக்குப் பதிலாக நாட்டு ஓட்டைச் சில்லாக உடைத்துப் போட்டுப் பார்க்கிறேன், அது கெட்டியாக நிற்கிறது. நான்கு மூட்டையில் இரண்டை மட்டும் போன மாதம் மாற்றினேன். மாற்றியதிலிருந்து நேற்று வரை அம்மோனியா சோதனை மஞ்சளாகவே இருக்கிறது, வாளிக் கணக்கு 20 விநாடி. மற்ற இரண்டு மூட்டையைப் புது ஓட்டில் பாக்டீரியா நன்றாகப் பிடித்த பிறகு, புரட்டாசியில் மாற்றுவேன்.